பத்திரிகையில் அச்சான பட்டம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் நான் வேகன்களை எண்ணுவேன். எண்ணாமல் இருக்க முடியாது. நெல் மூட்டை ஏற்றிப் போகும் கூட்ஸ் வண்டிக்கு நாற்பத்திரண்டு வேகன். கார்டு பெட்டியையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டை ஆறாலும் ஏழாலும் வகுக்கலாம். நாற்பத்து மூன்று பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தால், பின்னால் இருக்கும் என் மனைவி முதுகில் தட்டுவாள்.

“கேட்டத் தொறந்தாச்சு. எண்ணி முடிச்சா கெளம்புங்க.”

எனக்கு எழுபத்தொரு வயது. அதுவும் பகா எண்தான். இந்த வயதில் ஐந்து மாதம் எண் கோட்பாடு படித்தேன். பி.எஸ்ஸி. கணிதத்தில் மூன்றாம் ஆண்டுப் பாடம். பொழுதுபோக்குக்காகப் படித்தேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை.

நாற்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, கடைசி ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை; கண் மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்டார். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று போடச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பத்திரிகையை வாங்கியதும் முதலில் பார்ப்பது முகூர்த்த நேரத்தை அல்ல, மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது கல்லூரிப் பலகையில் முடிவை ஒட்டினார்கள். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன், எண் கோட்பாட்டைத் தவிர. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து, எனக்கு முப்பத்திரண்டு.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்தபடியே கணக்குச் சொன்னார்.

“ஐந்நூறு பத்திரிகை அடிச்சோம். நானூத்தி அறுபது குடுத்தாச்சு. இனிமே வீடு வீடாப் போயி அழிச்சிட்டு வர முடியுமா? அக்டோபர்ல எழுதி வாங்கிடு. யாருக்குத் தெரியப்போவுது.”

அக்டோபரில் எழுதினேன். இருபத்தொன்பது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. புகுமுக வகுப்புத் தகுதியில் பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. முப்பத்து நான்கு வருடம் பார்த்தேன். அலுவலகப் பதிவேட்டில் ஒருநாளும் பட்டம் போட்டுக்கொண்டதில்லை; அதை மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். ஆனால் வீட்டில் நான் பி.எஸ்ஸி.தான். மனைவிக்கும், பையனுக்கும், சம்பந்திகளுக்கும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வருடம் ஆனி மாதத்தில் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். பையன் சென்னையிலிருந்து பத்திரிகை மாதிரி ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினான். மேலே தாத்தா பாட்டி பெயர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முதல் தடவை அப்பா போட்டார் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இந்தத் தடவை போட்டால் அது என்னுடையது. எடுக்கச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த மாதமே, ஆடியில், செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு. எங்கள் பல்கலைக்கழகத்தில் பழைய அரியர் வைத்திருப்பவர்கள் எந்த வருடத்து மாணவர்களானாலும் ஒரே ஒரு தடவை எழுதலாம், இப்போதைய பாடத்திட்டத்தில். கார்த்திகையில் தேர்வு. முடிவு தைக்குள் வந்துவிடும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். தேறிவிட்டால் பத்திரிகையில் இருக்கும் எழுத்து உண்மையாகிவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என் திட்டம் இவ்வளவுதான். கோழைத்தனமான திட்டம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

விண்ணப்பத்தை இணையத்தில் போட வேண்டியிருந்தது. கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. நாற்பத்துச் சொச்சம் வயதுள்ள ஒரு பெண் நடத்துகிறார். கணவர் குவைத்தில் இருக்கிறார். பாஸ்போர்ட், ஆதார், பட்டா நகல் எல்லாம் அங்கேதான். நான் பழைய மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பேரனுக்கா சார்?”

“எனக்குத்தான்.”

“இந்த வருஷத்துல நான் பொறக்கவே இல்ல சார்.” அப்புறம் பாடத்தின் பெயரைப் பார்த்தார். “எண் கோட்பாடா. இதுல போயி யாராவது ஃபெயிலாவாங்களா? எனக்கு இதுல தொண்ணூத்தி நாலு.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரும் கவனித்திருக்க வேண்டும். தானும் பி.எஸ்ஸி. கணிதம்தான், வகுப்பில் இரண்டாவது ஆள், கடைசிப் பரீட்சை முடிந்த பதினோராவது நாள் நிக்காஹ் என்று சொன்னார். சான்றிதழ் பெட்டிக்குள் இருக்கிறது, இருபத்து மூன்று வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. “கடைக்கு லோன் கேட்டப்பகூடப் பத்தாவது மார்க் ஷீட்டுதான் கேட்டாங்க” என்றார்.

இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு நான் நாற்பத்தொன்பது வருடம் நடமாடியிருக்கிறேன் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. மூன்றாவது தடவை போனபோது சொன்னேன். அவர்தான் அதைக் கேட்ட முதல் ஆள். பத்திரிகை விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஒழுங்காப் படிக்கணும் சார்” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாயும் வெள்ளியும் போவேன். பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை கூட்டம் இருக்காது. மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். தவறாக அச்சாகி ஒதுக்கிய தாள்களைக் கொடுப்பார். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போடுவேன். எத்தனையோ பேருடைய வாரிசுச் சான்றிதழுக்குப் பின்னால் நான் மீப்பெரு பொதுக்காரணி கண்டுபிடித்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தேழு தடவை போனேன். அவர் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை, அதற்கு அவருக்கு ஏது நேரம். ஆதார் அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டே என் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பார். தப்பு இருந்தால் “ம்ஹூம்” என்பார். எந்த வரியில் என்று நான்தான் தேட வேண்டும்.

என்னுடைய தப்பு பெரும்பாலும் ஒரே தப்பு. ஓர் எண்ணின் காரணிகளை எல்லாம் எழுதச் சொன்னால் ஒன்று குறையும். பன்னிரண்டுக்கு ஆறு காரணிகள். நான் ஐந்துதான் எழுதுவேன். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, பன்னிரண்டு. எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிறவன் நான். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். எனக்கு ஏன் இது மட்டும் தப்புகிறது என்று எரிச்சலாக வந்தது.

“ஒன்ன விட்டுட்டீங்க சார். ஒவ்வொரு தடவையும் ஒன்னத்தான் விடுறீங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?”

அன்றைக்கு அவர் சொன்னபடி வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதினேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. “லாபம், ரெண்டு, மூணு, நாலு.”

களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். எனக்கு எண்ணத் தெரிந்ததே அப்படித்தான். ஒன்று என்று சொல்லிவிட்டால் அப்பா அளந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். லாபம் என்று சொல்லும்போது என் மனம் சாமி கும்பிட்டுவிட்டுப் போய்விடும். கை இரண்டிலிருந்துதான் எழுத ஆரம்பிக்கும். மளிகைக் கணக்கில் இந்தக் குழப்பம் வந்ததில்லை. அங்கே ஒன்றைத் தனியாக எழுத வேண்டிய இடமே வருவதில்லை.

அவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “எங்க நன்னாவும், அம்மாவப் பெத்த தாத்தா, லாபம்னுதான் சார் எண்ணுவாங்க. அரிசிக் கடை வெச்சிருந்தாங்க. நீங்க என்ன வேணாச் சொல்லிக்குங்க. லாபத்தயும் தாள்ல எழுதுங்க. அவ்வளவுதான்.”

எனக்கு மிகவும் பிடித்துப்போனது சீன மீதித் தேற்றம். ஓர் எண்ணை நான்கால் வகுத்தால் மீதி ஒன்று, ஐந்தால் வகுத்தால் இரண்டு, ஏழால் வகுத்தால் மூன்று. அந்த எண் எது என்று கேட்பார்கள். பதினேழு. தாளில் இதைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த பிரிவில் மூன்று கிளை வாய்க்கால்கள். ஒன்றுக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர், ஒன்றுக்கு ஐந்து நாளைக்கு, இன்னொன்றுக்கு ஏழு நாளைக்கு; ஊர்க்காரர்கள் எப்போதோ பேசி வைத்த முறை. மூன்றும் ஒரே நாளில் திறக்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்குக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது, சைக்கிளில் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த நாளை முன்கூட்டியே கண்டுபிடிக்க நான் ஒவ்வொரு வருடமும் காலண்டரில் மூன்று நிறப் பென்சிலால் கட்டம் போடுவேன். முப்பத்து நான்கு வருடம் போட்டேன். கல்லூரியில் இந்தத் தேற்றத்தை நான் மனப்பாடம் செய்து, பரீட்சையில் மறந்திருக்கிறேன். இது வாய்க்காலைப் பற்றியது என்று அப்போது தெரியாது.

“என்ன சார், தப்பா?” என்றார்.

“இல்லம்மா. சரியா வந்திருச்சு.”

“சரியா வந்தா ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

வீட்டில் நான் சொல்லியிருந்தது வேறு. பென்ஷன் வேலை, பேங்க் வேலை, பி.பி. மாத்திரை என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று. மனைவி எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்ப்பதை இரண்டு தடவை கவனித்தேன். எண்ணுகிற பழக்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு தஞ்சாவூரில், மதியம் இரண்டு மணிக்கு. இரண்டு நாளாக அடைமழை. முதல் நாளே நான்கு பேனா, இரண்டு பென்சில் எடுத்து வைத்தேன். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டேன். எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்குப் போக நீடாமங்கலம் கேட்டைத் தாண்ட வேண்டும். அது எப்போது மூடும், எவ்வளவு நேரம் மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒன்பது மணிக்கே கிளம்பினேன். தஞ்சாவூரில் ஒரு பழைய நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

மனைவி ஒரு டிபன் பாக்ஸை நீட்டினாள். “தயிர் சோறு. ஊறுகா மூடியில இருக்கு. பரீட்சை ரெண்டு மணிக்குத்தான?”

செருப்பில் பாதி நுழைந்த காலோடு நின்றேன்.

“ரெண்டு மாசமாத் தெரியும்” என்றாள். “செவ்வாக்கெழம செவ்வாக்கெழம எங்க போறீங்கன்னு பாத்தேன். ஜெராக்ஸ் கடையில உக்காந்து ரிப்போர்ட்டு ரிப்போர்ட்டா நகல் எடுக்கிறீங்கன்னு நெனச்சேன். பெரிய வியாதி எதயோ மறைக்கிறீங்கன்னு நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் நானே போயி அந்தப் பொண்ணுகிட்ட, எங்க வீட்டுக்காரருக்கு என்ன வியாதின்னு கேட்டேன். வியாதி இல்லம்மா, கணக்குன்னு சொல்லுச்சு.”

“எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா?”

“பரீட்சன்னு மட்டுந்தான் சொல்லுச்சு. மிச்சத்த அவருதான் சொல்லணும்னுருச்சு. எனக்கென்ன, கூட்டிப் பாக்கத் தெரியாதா?”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எங்க அப்பா உங்க பி.எஸ்ஸி.யப் பாத்துக் குடுக்கல. ஆத்துப் பாசன நெலத்தப் பாத்துக் குடுத்தாரு. அது எனக்குப் பெருசில்ல. நாப்பத்தொம்பது வருஷம் எங்கிட்டச் சொல்லலயே, அத நான் மறக்க மாட்டேன். இப்பக் கெளம்புங்க, கேட்டப் போட்டுருவான்.”

கேட்டைப் போட்டிருந்தான். பேருந்துக்குள் இருந்து எண்ணினேன். அன்றைக்கு இருபத்தெட்டாவது வேகனில் எண்ணிக்கை தவறிவிட்டது.

தேர்வு அறைக்குள் நுழைந்ததும் கண்காணிப்பாளர், “பெற்றோர் எல்லாம் வெளியில நில்லுங்க சார்” என்றார். ஹால் டிக்கெட்டை இரண்டு உறையிலிருந்தும் எடுத்துக் காட்டுவதற்குள் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் பதிவு எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மின்விசிறிக்குக் கீழே இருந்த என் இடத்தை மாற்றிக் காற்று அடிக்காத மூலையில் உட்காரவைத்தார். நான் கேட்காமலே செய்தார். தாள் பறந்துவிடுமோ என்றுதான் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மீதித் தேற்றத்தில் ஒரு பெரிய கேள்வி வந்தது. எழுதினேன். முந்நூற்று அறுபதின் காரணிகள் எத்தனை என்று காட்டி, அவற்றைப் பட்டியலிடச் சொல்லி ஒரு கேள்வி. சூத்திரப்படி இருபத்து நான்கு. பட்டியலில் இருபத்து மூன்று. இன்னும் ஒன்பது நிமிடம். வேர்த்துவிட்டது. எழுபத்திரண்டு இருக்கிறது, தொண்ணூறு இருக்கிறது, நூற்றிருபது இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து வந்தேன். இரண்டு, மூன்று, நான்கு. அப்போது ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தத்தோடு கடைக்காரப் பெண்ணின் குரல் கேட்ட மாதிரி இருந்தது. இரண்டுக்கு முன்னால் இருந்த இடுக்கில் ஒன்று என்று எழுதினேன். இடம் போதாததால் அது கொஞ்சம் சாய்ந்துபோயிருந்தது.

மார்கழி பிறந்தது. முடிவு வரவில்லை. பையன் பத்திரிகையின் கடைசி மாதிரியை அனுப்பி, “நாளைக்கு அச்சுக்குப் போவுதுப்பா, பாத்துட்டு ஓகேன்னு போடுங்க” என்று எழுதியிருந்தான். பி.எஸ்ஸி. அப்படியே இருந்தது. இன்னும் சில நாள் தள்ளிப்போடு என்று சொல்லியிருக்கலாம். ஓகே என்று போட்டுவிட்டு, தேறிவிடுவோம் என்று இருந்திருக்கலாம். என் அப்பா செய்தது அதைத்தான். மனைவி எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நான் பையனைப் போனில் கூப்பிட்டேன்.

“தம்பி, என் பேருக்குப் பக்கத்துல இருக்கறத எடுத்துடு.”

“எதப்பா?”

“பி.எஸ்ஸி.ய. நான் பாஸ் பண்ணல. ஒரு பேப்பர் நின்னுபோச்சு.”

அவன் மெதுவாகச் சொன்னான். “ஸ்கூல் ஃபாரத்துல எல்லாம் அப்பா படிப்பு பி.எஸ்ஸி.ன்னு நான்தானப்பா எழுதுவேன். நீங்க பாத்துக் கையெழுத்துப் போடுவீங்க.”

“ஆமா. பன்னெண்டு ஃபாரம்.”

“எண்ணி வெச்சிருக்கீங்களா?” என்றான். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. சிரித்து முடித்துவிட்டு, “சரிப்பா, எடுத்துடறேன்” என்றான். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

பத்திரிகை வந்தது. தாத்தா வரிசையில் என் பெயர் மட்டும், பின்னால் எதுவும் இல்லாமல். சம்பந்தி வீட்டுத் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ., பி.எட். இருந்தது. பரவாயில்லை. அடித்த அறுநூறில் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்த ஒன்பதாவது நாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து போன். “சார், வாங்க. நான் பாத்துட்டேன், சொல்ல மாட்டேன். நீங்களே வந்து பாருங்க.”

ஐம்பத்து மூன்று.

கடையில் நான்கு பேர் பட்டா நகலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்திவைத்துவிட்டு அவர் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். “பகா எண்ணுதான் சார்” என்றார், நான் சொல்வதற்கு முன்னால். “பெருசா ஒன்னும் எடுத்துடல. என் தொண்ணூத்தி நாலு அப்படியே இருக்கு.” அவர் சான்றிதழையும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கடைச் சுவரில் மாட்டச் சொன்னேன். சுவரில் இடமில்லை, ஆதார் கட்டண விவரம் ஒட்டியிருக்கிறது என்றார். ஆனால் போன வாரம் போனபோது கட்டண விவரம் கதவுக்கு நகர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு பீரோவுக்குள் கையை விட்டு, புடவைகளுக்கு அடியிலிருந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து, மஞ்சள் தடவிய மூலை பழுப்பேறியிருந்தது.

“அப்ப இல்லாததப் போட்டீங்க. இப்ப இருக்கறதப் போடல” என்றாள். “உங்க பேத்தி பத்திரிகையில பேனாவால எழுதலாம்னு பாக்கறீங்களா?”

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சம் பதினொரு பத்திரிகைகள் இருந்தன. “இல்ல” என்றேன்.

அவள் மதிப்பெண் தாளை நான்காக மடித்துப் பழைய பத்திரிகைக்குள் வைத்தாள். “இனிமே இந்தப் பத்திரிகையில பொய் இல்ல. நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்தது மட்டும் அப்படியே இருக்கு. அது இருக்கட்டும்.” பத்திரிகையைப் புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, “சாப்பிட வாங்க” என்றாள்.

அது மீதி. எதனால் வகுத்தாலும் போகாது என்று இப்போது எனக்குத் தெரியும். நான் கை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியல். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.